பாயும் நாயும் கோழிக்கூண்டின் கம்பியும்



வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கணியம்பாடி உள்ளது. இவ்வூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் பல வீடுகளில் நாயும் உண்டு, நாட்டுக்கோழியும் உண்டு. பத்துக் கோழி என்பது ஒரு குடும்பத்திற்குச் சிறிய சொத்து அன்று. முட்டை விற்ற காசு நோட்டுப் புத்தகமாக மாறுவதை உங்களில் பலர் அறிவீர்கள். அந்தச் சொத்து ஒரே இரவில் அழிந்துவிடக்கூடும். கூண்டுக்குள் புகுந்த நாய் ஒரு கோழியோடு நிற்பதில்லை. படபடக்கும் ஒவ்வொன்றையும் கவ்வி உதறிவிடும். இதற்குப் பசி காரணமன்று. ஓடுவதைத் துரத்தும் இயல்பே காரணம். ஆகவே நாயைத் திட்டிப் பயனில்லை, கூண்டை ஆராய்வோம்.

கடையில் 'கோழிவலை' என்று கேட்டால் அறுகோணக் கண்களுள்ள மெல்லிய வலையைத் தருவார்கள். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அது கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, நாய் உள்ளே வராமல் தடுக்காது. ஏன் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

20 கிலோகிராம் நிறையுள்ள ஒரு தெருநாய் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வலைமீது பாய்கிறது என்க. அதன் இயக்க ஆற்றல் ½ × 20 × 5² = 250 ஜூல். வலை 10 செ.மீ. உட்குழிந்து நாயை நிறுத்துகிறது எனில், ஆற்றலைத் தூரத்தால் வகுக்க, சராசரி விசை 2500 நியூட்டன். 250 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டது போன்ற விசை இது!

இனிக் கம்பியைப் பார்ப்போம். 22 கேஜ் கம்பியின் விட்டம் 0.71 மி.மீ.; குறுக்குப் பரப்பு சுமார் 0.4 சதுர மி.மீ. சாதாரண எஃகு ஒரு சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 400 நியூட்டன் தாங்கும். எனவே இக்கம்பி 160 நியூட்டனில் அறுந்துவிடும். 17 கேஜ் கம்பியின் விட்டம் 1.42 மி.மீ., அதாவது இரு மடங்கு. பரப்பு நான்கு மடங்காவதால் அது 640 நியூட்டன் வரை தாங்கும். இன்னும் சுவையானது வளைவை எதிர்க்கும் தன்மை. அது விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆகவே 16 மடங்காகிறது! நாய் வலையை அறுப்பதைவிட, பல்லாலும் நகத்தாலும் நெளித்து வழி செய்வதே அதிகம். ஆகையால் இந்த 16தான் நமக்கு முக்கியம். (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை மறவாதீர்கள். கம்பியைத் துளைகளின் வழியே இழுத்து இழுத்து மெலியச் செய்த காலத்தில், இழுப்புகளின் எண்ணிக்கையிலிருந்து பிறந்த எண் அது.) கடையில் துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் என்று கேட்டு வாங்குங்கள். கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம் முதலில் அரிந்து இரும்பைக் காக்கும்.

2500 நியூட்டனும் ஒரே கம்பியின்மேல் விழுவதில்லை. பல கம்பிகள் பங்கிட்டுக்கொள்கின்றன, ஆனால் வலை சட்டத்தோடு நெடுகிலும் இறுகப் பொருந்தியிருந்தால்தான். முழ இடைவெளிக்கு ஓர் ஆணி வளைத்து அடித்த வலையில் சுமை முழுவதும் ஓரிரு ஆணிகளுக்குப் போய்விடும், அவை பிடுங்கிக்கொள்ளும். வலையின் ஓரத்தின்மேல் மரப்பட்டியை வைத்துத் திருகாணி முடுக்குவதே சரியான முறை. கூண்டுகள் பெரும்பாலும் தோற்பது இந்த ஓரங்களில்தான்.

பாய்ந்து பார்த்துத் தோற்ற நாய் அடுத்துத் தோண்டும். வலையை ஓர் அடி ஆழம் புதைக்கலாம். கணியம்பாடியின் கல் நிலத்தில் அது எளிதன்று. மாற்று வழி உண்டு. கூண்டின் அடியோடு சேர்த்து, வெளிப்புறமாக இரண்டடி அகலத்திற்கு வலையைத் தரையில் விரித்துக் கட்டி, மேலே மண்ணும் கல்லும் பரப்புங்கள். நாய் சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். அப்போது அது நிற்பது அந்த வலையின்மேல். தன் எடையாலேயே தான் தூக்கவேண்டிய வலையை அது அழுத்திக்கொண்டிருக்கும்!

கீரிக்கும் பாம்புக்கும் பலம் தேவையில்லை, துளை போதும். கீழ் இரண்டடிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வலை போடுங்கள். கதவுக்குத் தூக்கிவிடும் கொக்கி கூடாது, மூக்கால் தட்டினால் திறந்துகொள்ளும். தள்ளித் திருப்பும் தாழ்ப்பாளே நல்லது.

பகலில் கோழிகள் மேய வேண்டுமே? வீட்டு நாயைக் குட்டியிலிருந்தே பழக்கலாம். முதலில் வலைக்கு வெளியே சங்கிலியில் பிடித்து உட்கார வையுங்கள். கோழி சிறகடிக்கும்போது நாய் அமைதியாக இருந்தால் உடனே ஏதேனும் தின்னக் கொடுங்கள். பல வாரங்கள் ஆகும். பழகிய நாய் கீரியையும் தெருநாயையும் விரட்டும் காவலாளி ஆகிவிடுவதுண்டு. ஆயினும் கோழிக்குஞ்சுகளோடு அதைத் தனியே விட நான் ஒப்பமாட்டேன்.

தடுப்பூசி இரண்டுக்கும் வேண்டும். கோழியின் வெள்ளைக்கழிச்சலுக்கு இராணிக்கட் நோய் என்று பெயர். நம் இராணிப்பேட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இராணிக்கட் இமயமலை அடுக்கில் உள்ள ஊர். இன்னொரு செய்தி: லூயி பாஸ்டர் 1879இல் நோய்க்கிருமியை வீரியம் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கும் வழியைக் கண்டது கோழிக் காலராவில். 1885இல் வெறிநாய் கடித்த சிறுவனுக்கு அவர் ஊசி போட்டது அவ்வழியே சென்றதன் பயன்.

பாதுகாப்பு என்று எண்ணி நான்கு பக்கமும் பலகை அடித்துவிடுவோரும் உண்டு. அப்போது நாய்க்குத் தப்பிய கோழி வெயிலுக்குத் தப்பாது. கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வேலூர்ப் பகுதியில் மே மாதக் காற்று 40ஐத் தாண்டுகிறது. வெப்பநிலை வேறுபாடு இல்லையெனில், கடத்தலாலோ சலனத்தாலோ கதிர்வீச்சாலோ உடல் வெப்பம் வெளியேறாது. எஞ்சிய வழி ஆவியாதல் ஒன்றே. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அது வாய் திறந்து இளைக்கிறது. ஒரு நாட்டுக்கோழி உண்டாக்கும் வெப்பம் சுமார் 8 வாட். ஒரு கிராம் நீர் ஆவியாக 2400 ஜூல் வேண்டும். ஆக மணிக்கு 12 கிராம் நீரை அது இளைத்தே வெளியேற்ற வேண்டும். பத்துக் கோழி 120 கிராம்! காற்றோட்டமில்லாத கூண்டில் அந்த ஈரம் அங்கேயே தேங்க, ஆவியாதலும் தடைப்படும்.

கூரையையும் கவனியுங்கள். வெயிலில் தகரம் 60 டிகிரிக்கு ஏறிவிடும். 40 டிகிரியில் உள்ள கோழியின் முதுகும் அதுவும் கரும்பொருள்கள் என்று கொண்டு ஸ்டீபான் விதியைப் போட்டால், சதுர மீட்டருக்கு 150 வாட் கோழியை நோக்கி வருகிறது. முதுகுப் பரப்பு 0.04 சதுர மீட்டர் எனில் 6 வாட். ஒரு பகுதியை இறகு தடுக்கும். எனினும் சொந்த வெப்பம் 8 வாட் என்பதோடு ஒப்பிடுங்கள். தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் இச்சுமை பெரும்பாலும் நீங்கும்.

கூண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். கணியம்பாடி சுமார் 12.8 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 19ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நாட்களில் நண்பகல் சூரியன் சற்று வடக்கே இருக்கும். கத்தரி வெயில் வருவது அப்போதுதான். ஆதலால் தெற்கே மட்டுமின்றி வடக்கேயும் கூரை நீண்டு இறங்க வேண்டும்.

செய்து பாருங்கள்: வெப்பமானி ஒன்றின் குமிழில் விளக்குக் கரி பூசி, பகல் 2 மணிக்குத் தகரத்தின் கீழே, கோழி நிற்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கால் மணி கழித்து அளவைக் குறியுங்கள். கூரைமேல் கீற்று போட்டபின் மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் குறித்து ஒப்பிடுங்கள்.