ஹெட்போனுக்கு ஏற்ற பெருக்கி எது?

1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிப் பெட்டி விலை மிகுந்த பொருளாக இருந்த காலம் அது. ஆனால் மின்கலமும் வேண்டாம், மின் இணைப்பும் வேண்டாம் என்று சொல்லும் ஓர் எளிய கருவியும் அக்காலத்தில் இருந்தது. ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு படிகம், ஒரு ஹெட்போன், இவ்வளவுதான். அதன் பெயர் படிக வானொலி. படிகத்தின் இடத்தில் ஜெர்மானியம் டையோடு வந்த பிறகும் அதைச் செய்து பார்க்கும் ஆசை மாணவர்களை விடவில்லை. ஏரியல் கம்பி பிடித்துத் தரும் மிகச் சிறிய ஆற்றலே ஹெட்போனை ஒலிக்கச் செய்துவிடும்.

மாணவர்களே, இன்று சிங்காரத்தோப்புக் கடைவீதியில் வாங்கிய புது ஹெட்போனை அந்தக் கருவியில் மாட்டிப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. ஹெட்போனில் பழுது இல்லை. கருவியிலும் பழுது இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பெருக்கி வாங்குவோரைக் குழப்புவதும் இந்தப் பொருத்தம்தான்.

ஹெட்போனின் உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்தத் தடையை மின்னெதிர்ப்பு என்கிறோம். அதன் அலகு ஓம். மயிரிழை போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிச் செய்த பழைய ஹெட்போனில் இது 2000 ஓம், 4000 ஓம் என்று இருக்கும். இன்று கைப்பேசிக்கென விற்பவற்றில் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் சிலவற்றில் 250, 300, 600 ஓம் கூட உண்டு.

இதன் பொருளை நம் ஊரை வைத்தே புரிந்துகொள்ளலாம். நகரின் நடுவே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் நீர் ஏராளம். அழுத்தமோ மிகக் குறைவு. மலைக்கோட்டையின் உச்சிக்கு ஒரு குடம் நீரைக் குழாய் வழியே ஏற்ற வேண்டுமானால் நீரின் அளவு சிறிதுதான்; ஆனால் 83 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 8 வளிமண்டல அழுத்தம் தேவை. குறைந்த ஓம் ஹெட்போன் வாய்க்காலைப் போன்றது. சிறிய மின்னழுத்தம் போதும், மின்னோட்டம் நிறைய வேண்டும். மிகுந்த ஓம் ஹெட்போன் மலை உச்சிக் குழாயைப் போன்றது. அதற்கு வோல்ட் வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஹெட்போன் பெட்டியின் மேல் 'உணர்திறன்' என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 1 மில்லிவாட் திறன் கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதை அது சொல்லும். நம் ஹெட்போனுக்கு 100 டெசிபல் என்று கொள்வோம். கச்சேரியின் உச்சமான ஒரு தட்டு, ஒரு நொடியின் சிறு பகுதியே நீடிப்பது, 110 டெசிபலைத் தொட வேண்டும் என்றும் கொள்வோம். 10 டெசிபல் கூடினால் திறன் 10 மடங்கு. ஆக, தேவை 10 மில்லிவாட், அதாவது 0.01 வாட்.

மின்னழுத்தம் என்பது திறனையும் மின்னெதிர்ப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. 32 ஓமுக்கு 0.32இன் வர்க்கமூலம்: ஏறத்தாழ 0.57 வோல்ட், 18 மில்லிஆம்பியர். 300 ஓமுக்கு 3இன் வர்க்கமூலம்: 1.73 வோல்ட், 5.8 மில்லிஆம்பியர். அதே ஒலி, அதே திறன். தேவைகளோ வேறு வேறு. ஒரு கைப்பேசி அதிகபட்சம் 1 வோல்ட் தரும் என்றால், முதல் ஹெட்போனுக்குத் தனிப் பெருக்கியே தேவையில்லை. இரண்டாவதற்கு அது 105 டெசிபலோடு நின்றுவிடும். 5 டெசிபல் குறை. இந்தக் குறையைத் தீர்க்க 2 வோல்ட் தரும் எளிய பெருக்கி போதும். '1000 மில்லிவாட்' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்யும் பெட்டிக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலர் உணர்திறனை 1 மில்லிவாட்டுக்குச் சொல்லாமல் 1 வோல்ட்டுக்குச் சொல்வார்கள். மேலே சொன்ன 32 ஓம் ஹெட்போனுக்கு அப்படிச் சொன்னால் 115 டெசிபல் என்று வரும். எண் பெரிதாகிவிட்டதே தவிர, ஹெட்போன் மாறவில்லை!

இப்போது படிக வானொலிக்குத் திரும்புவோம். அதன் உள்தடை பல ஆயிரம் ஓம். மூலத்தின் உள்தடையும் சுமையின் தடையும் சமமாக இருக்கும்போதுதான் மிகுதியான திறன் சுமையைச் சேரும் என்பது மின்னியலின் ஒரு தேற்றம். துளித்துளியாய் வரும் ஆற்றலில் ஒரு துளியும் வீணாகக் கூடாது. ஆகவே அங்கே 2000 ஓம் ஹெட்போன். இதைப் படித்த சிலர், பெருக்கியின் வெளியீட்டுத் தடையும் ஹெட்போனுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறு. பெருக்கியில் ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. அங்கே வேண்டுவது, எல்லாச் சுரங்களும் ஒரே நீதியோடு வெளிவருவது.

ஹெட்போனின் மின்னெதிர்ப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. பல ஹெட்போன்களில் சுமார் 100 ஹெர்ட்ஸ் அருகே, அதன் சவ்வு இயல்பாகவே அதிரும் இடத்தில், மேடு போல உயரும். பெயருக்கு 32 ஓம் உள்ளது அங்கே 64 ஓம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டீரியோ பெருக்கிகள் சிலவற்றில் ஹெட்போன் துளைக்கு முன் 100 ஓமுக்கு மேல் ஒரு தொடர்தடை வைத்திருப்பார்கள். அது 120 ஓம் என்றால், நடு அதிர்வெண்களில் ஹெட்போனுக்குக் கிடைக்கும் பங்கு 152இல் 32. மேட்டில் 184இல் 64. கணக்கிட்டால் தாழ்ந்த ஒலிகள் 4 டெசிபலுக்கு மேல் ஓங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி 'கும்' என்று பொங்கி, வலந்தலையின் தெளிவை அமுக்கும். வெளியீட்டுத் தடை 1 ஓம் மட்டும் என்றால் வேறுபாடு 0.13 டெசிபல், காதுக்கு அது தெரியாது.

மிருதங்கத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. ராமன் ஒளிச்சிதறலுக்காக உலகப் புகழ் பெற்றவர். ஆனால் மிருதங்க ஒலியையும் ஆராய்ந்தவர். சாதாரண மத்தளங்களின் மேற்சுரங்கள் ஒழுங்கற்றவை. வலந்தலையின் நடுவே உள்ள கரிய பூச்சின் எடையால் அவை அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4, 5 மடங்குகளாக ஒழுங்குபடுகின்றன என்று அவர் காட்டினார். இந்த விகிதத்தைக் கலைக்காத பெருக்கியே நல்ல பெருக்கி. கடையில் சோதிக்க ஒரு தனி ஆவர்த்தனத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள் என்பது என் யோசனை.

ஹெட்போனின் ஓமை எட்டால் வகுத்துப் பாருங்கள். பெருக்கியின் வெளியீட்டுத் தடை அதற்கு மேற்படாமல் இருப்பது நல்லது. 32 ஓமுக்கு 4 ஓம். விற்பவர் இந்த எண்ணைச் சொல்லாவிட்டால் நீங்களே அளக்கலாம். 200 ஹெர்ட்ஸ் சீரான ஒலியைச் சிறிய அளவில் இயக்கி, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வெளியீட்டின் மாறுதிசை மின்னழுத்தத்தை அளவுங்கள். 0.50 வோல்ட் என்க. பிறகு 33 ஓம் மின்தடை ஒன்றைக் குறுக்கே இணைத்து மீண்டும் அளவுங்கள். 0.44 வோல்ட் என்க. 0.50ஐ 0.44ஆல் வகுத்து, 1ஐக் கழித்து, 33ஆல் பெருக்கினால் 4.5 ஓம் என்று விடை வரும். மலிவான மீட்டர்களில் மாறுதிசைக்கு 200 வோல்ட் எல்லைதான் இருக்கும், அது உதவாது. 2 வோல்ட் எல்லை உள்ள மீட்டரைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பெறுங்கள்.

காதுக்குள் செருகும் சிறு ஒலிப்பான்களுக்கு இன்னொரு தொல்லை. பெருக்கம் மிகுந்த பெருக்கியில் ஒலித்திருகைச் சற்றே தொட்டாலும் அலறும். பாட்டு இல்லாத இடத்தில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். அவற்றுக்குப் பெருக்கம் குறைந்ததே நல்லது.

ஒலியின் அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த நெறியின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம்; சிறுவர்களுக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். பெரியவர்களுக்கே 83இல் 20 மணி, 86இல் 10 மணி. நாம் கணக்கில் எடுத்த 110 டெசிபல் கணநேர உச்சம்; பாட்டின் சராசரி அதைவிட வெகுவாகத் தாழ்ந்திருக்க வேண்டும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேருந்து இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டும் வழக்கம் இருந்தால், பெருக்கியை விடக் காதை நன்றாக மூடும் ஹெட்போனே வாங்கத் தக்கது.

உங்களுக்கு ஒரு கணக்கு: 600 ஓம் ஹெட்போன், உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபல், உச்சம் 107 டெசிபல் வேண்டும். எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர்? (விடை: 2.45 வோல்ட், 4.1 மில்லிஆம்பியர்.)