திருவாரூர்த் திருக்கோயிலை வரைபடத்தில் குறிக்கும் முறை

சப்தவிடங்கத் தலங்களுள் முதன்மையாகிய திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி எனத் தொன்றுதொட்டு வழங்குவர். ஐந்து வேலி என்பது இன்றைய கணக்கில் 30 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பாகும். இத்துணைப் பரந்த திருத்தலத்தை ஒற்றைப் புள்ளியாக வரைபடத்தில் இட்டுவிட்டால் வெளியூர் அன்பர்களுக்கு வாயிலும் விளங்காது, குளமும் விளங்காது.

பலரும் கூடி வரையும் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் உலக வரைபடம் 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பெற்றது. பதிவு செய்துகொண்ட எவரும் தாம் அறிந்த இடங்களை அதில் குறிக்கலாம். அதன் அடையாளச் சொற்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. வழிபாடு நிகழும் இடத்திற்கு ‘பிளேஸ் ஆஃப் ஒர்ஷிப்’ என்றும், கோயிலாக எழுப்பப்பெற்ற கட்டடத்திற்கு ‘டெம்பிள்’ என்றும், கோயில் வளாக நிலத்திற்கு ‘ரிலிஜியஸ்’ என்றும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

ஏன் இப்பாகுபாடு எனில், பூசை நின்றுபோன பழங்கோயிலில் கட்டடம் உண்டு, வழிபாடு இல்லை. மரத்தடியில் சூலம் நட்டு வணங்கும் இடத்திலோ வழிபாடு உண்டு, கட்டடம் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

திருவாரூரில் முதற்கண் மதிலை ஒட்டிக் கோடிட்டு வளாகத்தைக் குறிக்கலாம். அதனுள் வன்மீகநாதரும் தியாகராஜப் பெருமானும் எழுந்தருளியுள்ள திருக்கோயிலுக்கு ஒரு குறியீடு. அம்மதிலுக்குள்ளேயே அமைந்த அரநெறிக்கு மற்றொன்று. அரநெறி அப்பர் பெருமானால் தனித்துப் பாடப்பெற்ற தலம். நமிநந்தியடிகள் நெய்யின்றித் திருக்குளத்து நீரால் விளக்கேற்றிய தலமும் அதுவே. இதனைத் தனியே குறிக்காவிடில், பாடல் பெற்ற தலங்களை வரிசையாகத் தரிசித்து வரும் அடியார் ஒருவர் அரநெறியின் அருகிலேயே நடந்தும் அறியாது திரும்ப நேரிடும். கீழவீதியில் உள்ள பரவையுண்மண்டளி மதிலுக்குப் புறம்பானது. அதற்குத் தனி வளாகமே வேண்டும். இவ்வாறன்றிப் பிராகாரத்துச் சன்னதி ஒவ்வொன்றையும் தனிக்கோயிலாகக் குறிப்பது மிகை என்பதே நம் கருத்து.

மதிலுக்கு மேற்கே விளங்கும் கமலாலயத்தை நீர்நிலையாகவே, அதன் பெயருடன், கரையை ஒட்டி வரைய வேண்டும். குளத்தின் நடுவே உள்ள கோயிலுக்குத் தனிக் குறியீடு இடுக. ஆழித்தேர் உலா வரும் வீதிகள் புனிதமானவையே எனினும், வரைபடத்தில் அவை வீதிகளே.

கோயிலுக்கு உரிய நன்செய் வயல்களைப் பற்றிச் சிலர் ஐயுறுவர். வளாகத்திற்குரிய அடையாளம் நிலத்தின் பயன்பாட்டைக் காட்டுவதேயன்றி உடைமையைக் காட்டுவதன்று. ஆதலால் நெல் விளையும் வயல் வயலாகவே குறிக்கப்படும். ஆக்கிரமிப்பு வழக்குகளில் இவ்வரைபடத்தை நில உரிமைச் சான்றாகக் காட்டவும் இயலாது. அதற்கு உரியவை நில அளவைப் பதிவேடுகளே. எனினும், குளத்தின் கரையும் மதிலின் எல்லையும் உள்ளவாறு வரையப்பட்டிருந்தால், அவ்விடத்தை வெற்றிடம் என்று எவரும் மயங்க வழியில்லை.

பெயரை எழுதுங்கால் தலத்தில் வழங்கும் பெயரையே எழுதுக. தமிழ்ப் பெயருக்கெனத் தனி இடம் உண்டு. பிற நிறுவனங்களின் வரைபடங்களைப் பார்த்துப் படியெடுத்தல் விதிகளுக்குப் புறம்பானது. நேரில் கண்டதையும், அனுமதி பெற்ற வான்படங்களில் உள்ளதையுமே கொள்ள வேண்டும். அலைபேசிக்குத் தடையுள்ள திருக்கோயில்களில் ஒரு தாளும் எழுதுகோலும் போதும். தரிசனம் முடித்து வெளிவந்தபின், எந்த வாயில் எத்திசையில் உள்ளது, எக்கோயிலுக்கு நடை எப்பொழுது திறக்கும் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, இல்லம் சேர்ந்து பதிவு செய்யலாம்.