பழைய ஹோண்டா எஸ் 2000: எந்த ஆண்டு மாடலை வாங்குவது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவரின் முதல் கேள்வி, "எந்த வருஷத்து வண்டி?" என்பதுதான். புதிய ஆண்டு என்றால் நல்ல வண்டி, பழைய ஆண்டு என்றால் விலை குறைந்த வண்டி என்பது பொதுக் கணக்கு. அமெரிக்காவில் 2000 முதல் 2009 மாடல் ஆண்டு வரை விற்ற ஹோண்டா எஸ் 2000 இந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது. பத்து ஆண்டுகளும் உருவம் ஏறக்குறைய ஒன்றே. உள்ளே இருப்பவை மட்டும் சில ஆண்டுகளில் மாறின. அந்த மாற்றங்களில் எவற்றை வாங்கிய பிறகும் சேர்த்துக்கொள்ளலாம், எவற்றைச் சேர்க்க முடியாது என்று பிரித்துப் பார்ப்பதே மாடல் ஆண்டுகளை ஒப்பிடும் சரியான வழி. சேர்க்க முடியாதவை ஆண்டைத் தீர்மானிக்கட்டும். சேர்க்கக் கூடியவை விலையைத் தீர்மானிக்கட்டும்.

முதல் படி, மாற்றங்களை ஆண்டுவாரியாக எழுதிக்கொள்வது. 2000, 2001 வண்டிகளில் துணிக்கூரையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். 2002 முதல் கண்ணாடி. பெரிய எல்லைக்கோடு 2004. அதுவரை 2.0 லிட்டர் இன்ஜின், நிமிடத்துக்கு 8,300 சுழற்சியில் 240 குதிரைத்திறன். 2004 முதல் 2.2 லிட்டர், அதே 240 குதிரைத்திறன் 7,800 சுழற்சியிலேயே. சக்தி கூடவில்லை, கிடைக்கும் இடம்தான் கீழே இறங்கியது. டார்க் 207 நியூட்டன் மீட்டரிலிருந்து 220 ஆனதால் நகரத்தில் ஓட்டுவது எளிதாயிற்று. அதே ஆண்டில் சக்கரம் 16 அங்குலத்திலிருந்து 17 ஆயிற்று. வளைவில் பின்பக்கம் சட்டென்று விலகும் சுபாவத்தைக் குறைக்க சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள். கியர்பாக்ஸின் சிங்க்ரோக்களும் மேம்பட்டன. அடுத்த கோடு 2006: எலக்ட்ரானிக் த்ராட்டிலும், வண்டி வழுக்கும்போது தானே பிரேக் பிடித்து நேராக்கும் கட்டுப்பாடும் வந்தன.

இரண்டாம் படி, இந்தப் பட்டியலை இரண்டாகப் பிரிப்பது. பிளாஸ்டிக் ஜன்னல் ஒரு குறையே அல்ல. கூரையை மாற்றும்போது கண்ணாடி வைத்ததையே போட்டுக்கொள்ளலாம். தொடக்க கால இன்ஜின்களில் பிஸ்டனுக்கு எண்ணெய் தெளிக்கும் ஜெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் 2 துளைகள்தான். பின்னர் வந்த 4 துளை போல்ட்டை மாட்டலாம். 2.0 லிட்டர் இன்ஜினின் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரீடெய்னர்களுக்குப் பதிலாகப் பிந்தைய வலுவான ரீடெய்னர்களைப் போடலாம். இவை எல்லாம் செலவுக் கணக்கில் அடங்குபவை. ஆனால் 9,000 சுழற்சியை எட்டும் இன்ஜினின் சுபாவத்தை 2004-க்குப் பிந்தைய வண்டியில் மெக்கானிக் கொண்டுவந்து தர முடியாது. வழுக்கல் கட்டுப்பாட்டை 2001 வண்டியில் பொருத்துவதும் நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே மழையிலும் தினமும் ஓட்டுவதற்கு என்றால் 2006 முதல் தேடுங்கள். உச்சச் சுழற்சியின் சுகத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் 2000 முதல் 2003 வரையிலான வண்டிகள் பொருந்தும். இரண்டுக்கும் நடுவே நிற்பவருக்கு 2004, 2005.

மூன்றாம் படி, விற்பவர் சொல்லும் ஆண்டைச் சரிபார்ப்பது. பதிவான ஆண்டும் மாடல் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 17 இலக்க வண்டி அடையாள எண்ணில் 10-ஆவது இடம் மாடல் ஆண்டைச் சொல்லும்: 2000-க்கு 'ஒய்' எழுத்து, 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரை. 4 முதல் 6 வரையுள்ள இடங்களில் 'ஏபி1' என்றிருந்தால் 2.0 லிட்டர், 'ஏபி2' என்றிருந்தால் 2.2 லிட்டர். இதே எண் பம்பர், கதவு, பானெட் ஆகியவற்றில் ஸ்டிக்கராகவும் ஒட்டப்பட்டிருக்கும். எந்தப் பகுதியிலாவது அது இல்லையென்றால், அந்தப் பகுதி மாற்றப்பட்டதா, மறுபெயின்ட் ஆனதா, ஏன் என்று கேளுங்கள். தகாட்டா நிறுவனத்தின் குறைபாடுள்ள ஏர்பேக்குகளை மாற்றுவதற்கான திரும்ப அழைப்பு இந்த மாடலையும் தொட்டது. அந்த வேலை முடிந்துவிட்டதா என்பதை இதே எண்ணைக் கொண்டு அமெரிக்க அரசுத் தளத்தில் பார்க்கலாம்.

"வண்டியின் நிலைதானே முக்கியம், ஆண்டை ஏன் இவ்வளவு ஆராய வேண்டும்?" என்று கேட்பவர் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான்காம் படியே நிலையைச் சோதிப்பதுதான். ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்வது ஆண்டுதான். 2.0 லிட்டர் வண்டியில் வேகத்தில் தவறான கீழ் கியர் விழுந்தால் இன்ஜின் எல்லை மீறிச் சுழலும். சுழற்சிக் கட்டுப்பாடு அதைத் தடுக்காது. அப்போது ரீடெய்னர் விரிசல் விட்டால் வால்வே உள்ளே விழக்கூடும். ஆகவே வால்வு மூடியைத் திறந்து ரீடெய்னரைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் சோதனையும் வேண்டும். சிலிண்டர் சுவர் நார் கலந்த உலோகத்தால் ஆனது, சாதாரண இன்ஜின்போல் எளிதாக ரீபோர் செய்ய முடியாது. எந்த ஆண்டானாலும் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, டைமிங் செயின் டென்ஷனரிலிருந்து கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். 2004-க்கு முந்தைய வண்டிகளில் கியர் மாற்றும்போது உராயும் ஓசை வருகிறதா என்று கூடுதலாகக் கவனியுங்கள்.

"குறைவாக ஓடியது" என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் டயரும் ரப்பர் சீல்களும் ஓடாமலே கெடும். எண்ணெய் மாற்றிய ரசீதுகள் ஒழுங்காக உள்ள, அதிகம் ஓடிய வண்டி, ரசீதே இல்லாத குறைந்த மைலேஜ் வண்டியைவிட நம்பத்தக்கது.

கடைசிப் படி விலை. மாற்றிக்கொள்ளக் கூடிய ஒவ்வொன்றுக்கும் உதிரிபாகம், கூலி இரண்டையும் கேட்டு எழுதி, விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து கழியுங்கள். வேண்டிய அம்சம் பிறவியிலேயே இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். பட்டியலும் ரசீதும் சோதனை முடிவும் கையில் வருவதற்கு முன் முன்பணம் கொடுக்காதீர்கள்.