தொட்டியின் நடுவில் வெப்பம் பார்

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூரில் பியர் ஆலை வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டுக்குத் திரும்பி, அப்பாவின் காப்பித் தோட்டத்தில் பல்ப்பர் கொட்டகையை நீயே பார்த்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. வீட்டிலேயே கொஞ்சம் பியர் போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதோடு, உன் கைத்தொழிலுக்கு இந்த மலையில் அதைவிடப் பெரிய வேலை காத்திருக்கிறது. நீ அங்கே கற்றதில் மிக உயர்ந்த பாடம் நொதிக்கும்போது வெப்பத்தைக் கண்காணிப்பது. சேர்வராயன் மலைக் காப்பிக்கு இன்று அதுதான் தேவை.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது. இன்றும் நொதித் தொட்டி வேலை பெரும்பாலும் கடிகாரத்தை வைத்தே நடக்கிறது. பழத்தை அன்றன்றே பல்ப்பரில் தோல் நீக்கி, கொழகொழப்போடு இருக்கும் கொட்டையைத் தொட்டியில் நொதிக்க விடுகிறோம். அராபிக்காவுக்கு 24 முதல் 36 மணி நேரம் என்பது வழக்கம். இந்தக் கணக்கு தவறில்லை, ஆனால் முழுமையானதும் இல்லை. 24க்கும் 36க்கும் நடுவே அரை நாள் இருக்கிறது. அந்த அரை நாளைத் தீர்மானிப்பது வெப்பம். நுண்ணுயிர்களின் வேலை, அவை தாங்கும் எல்லைக்குள், 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டை வேகமாகும். மார்கழிக் குளிரில் நம் வீட்டு இட்லி மாவு பொங்காமல் அடம்பிடிப்பதும், சேலத்தில் அதே மாவு இரவுக்குள் பாத்திரத்தை விட்டு வழிவதும் இதனால்தான்.

நம் மலையில் இந்த வேறுபாடு ஒரே பருவத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. நவம்பரில் வடகிழக்கு மழையும் மூடுபனியுமாகப் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே குளிரில் கிடக்கும். ஜனவரியில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவு நடுங்க வைக்கும். ஏற்காடு ஊர் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, கொண்டை ஊசி வளைவுகளை ஒட்டிய சரிவுகளிலும் காப்பி விளைகிறது. மேல்தோட்டத்துக்காரர் சொல்லும் மணிக்கணக்கு கீழ்த்தோட்டத்துக்குப் பொருந்தாது. உன் நவம்பர்க் கணக்கே உன் ஜனவரிக்குப் பொருந்தாது.

பியர் தொட்டியில் நீ பார்த்த உண்மையை இங்கே மறந்துவிடாதே: நொதித்தல் தானே வெப்பம் உண்டாக்கும். அறையின் வெப்பம் வேறு, தொட்டிக்குள் இருக்கும் வெப்பம் வேறு. ஏல் வகை பியருக்கு 20 பாகை வேண்டுமென்றால் அறையை 20இல் வைத்தால் போதாது, உள்ளே சில பாகை ஏறிவிடும் என்பது உனக்குத் தெரியும். காப்பிக் குவியலிலும் அப்படியே. சுவரை ஒட்டிய பகுதி சில்லென்றிருக்க, நடுப்பகுதி கதகதப்பாக முன்னே ஓடிக்கொண்டிருக்கும். சுவரோரம் கொழகொழப்பு கழன்று முடிவதற்குள் நடுவிலுள்ள கொட்டை அளவுக்கு மீறிப் புளித்துவிடும். அப்படிப் புளித்த சில கைப்பிடி போதும், ஒரு தொட்டிக் காப்பி முழுவதும் கோப்பையில் காடி வாடை வீசும். மறுபக்கம், அரைகுறையாக நொதித்த கொட்டையில் ஒட்டியிருக்கும் கொழகொழப்பு களத்தில் ஈரத்தை இழுத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

ஆகையால் நீளக் காம்புள்ள எஃகு வெப்பமானி ஒன்று வாங்கு. கண்ணாடிப் பாதரசமானியைத் தொட்டிக்கு அருகில்கூடக் கொண்டுவராதே. உடைந்தால் அந்தத் தொட்டி முழுவதையும் கொட்டத்தான் வேண்டும். வாங்கியதும் நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துச் சுழியம் காட்டுகிறதா என்று பார். கொதிநீரில் வைத்து 100 வரவில்லை என்று கருவியைக் குறை சொல்லாதே. நம் உயரத்தில் தண்ணீர் 95 பாகை வாக்கிலேயே கொதித்துவிடும்.

நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று இடங்களில் பார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் பார்க்க வேண்டும். நடுவுக்கும் ஓரத்துக்கும் வேறுபாடு கூடினால் சுத்தமான மரத்துடுப்பால் கிளறிவிடு. பகல் வெயில் தொட்டியில் நேராக விழாமல் கூரை போடு. குளிர் இரவில் துவைத்த சாக்கால் மூடு. வேகம் மிகுந்தால் குளிர்ந்த நல்ல தண்ணீர் விட்டு மூழ்கடி. நீருக்கடியில் நொதித்தல் மெதுவாகவும் சீராகவும் நடக்கும். நேற்றைய குவியல் மேல் இன்றைய கொட்டையை ஒருபோதும் கொட்டாதே. வெவ்வேறு நாள் கொட்டைகள் இரண்டுக்கும் பொருந்தும் ஒரே வெப்பம் கிடையாது.

பியருக்கும் காப்பிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் தனி ஈஸ்ட்டைப் பிரித்து வளர்த்துக் காட்டிய பிறகு, பியர்க்காரர் கொதிக்க வைத்த கரைசலில் தாம் தேர்ந்த ஒற்றை ஈஸ்ட்டை விடுகிறார். நம் தொட்டியில் பழத்தோலோடும் தண்ணீரோடும் வந்த ஈஸ்ட், லாக்டிக் பாக்டீரியா எல்லாம் கூட்டமாக வேலை செய்கின்றன. அதனால் வெப்பமானி மட்டும் தீர்ப்புச் சொல்லாது. பிஎச் தாளில் புளிப்பு ஏறுவதைக் கவனி. ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவித் தேய்த்தால் சிறு கூழாங்கல்போல் நறநறவென்று உரச வேண்டும். குச்சியைக் குவியலில் குத்தி எடுத்தால் துளை மூடாமல் நிற்க வேண்டும். இந்தச் சோதனைகளை உன் கொட்டகையில் நெடுநாள் வேலை செய்யும் அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அவர்களிடம் பணிந்து கற்றுக்கொள். உன் எண்களை அவர்களிடம் காட்டு. கையும் கருவியும் சேர்ந்தால்தான் தொழில்.

பீப்பாய்க்குள் காற்றுப் புகாமல் நாள்கணக்கில் நொதிக்க வைக்கும் முறை மேல் உனக்கு ஆசை இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. செய்யலாம். ஆனால் மூடிய கலத்தில் தவறு கண்ணுக்குத் தெரியாது, அங்கே வெப்பக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. முதலில் சாதாரணத் தொட்டியில் சுத்தமான பார்ச்மென்ட் காப்பியை ஒரே தரத்தில் பருவம் முழுவதும் எடுத்துக் காட்டு. கழுவிய தண்ணீரை ஓடையில் விடாமல் குழியில் தேக்கு. கீழே அந்த ஓடை நீரைக் குடிக்கிறவர்கள் நம் மக்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் நோட்டில் எழுது: தேதி, நேரம், வெளி வெப்பம், தொட்டியின் மூன்று வெப்பங்கள், பிஎச், கழுவிய நேரம், பின்னர் கோப்பையில் கிடைத்த சுவை. நம் மலைக் காப்பிக்கு வயது 200 ஆகிறது. மரத்துக்கும் மழைக்கும் தோட்டந்தோறும் கணக்கு இருக்கிறது, தொட்டிக்குள் நடந்ததற்குப் பெரும்பாலும் கணக்கே இல்லை. நல்ல சுவை வந்த ஆண்டை அதனால்தான் நம்மால் மறுபடி வரவழைக்க முடியவில்லை. நீ எழுது, எழுதியதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் கொடு. இந்தப் பருவத்தின் முதல் தொட்டியிலேயே தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்