புரூக்ளினில் இரு குடித்தன வீடு வாங்குவது எப்படி?

நியூயார்க் நகரின் புரூக்ளினில் பார்க் ஸ்லோப், வில்லியம்ஸ்பர்க், பெட்-ஸ்டை போன்ற பேட்டைகளுக்கு இன்று மவுசு அதிகம். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய வீடுகள், வாசலுக்கு ஏறும் உயரமான படிக்கட்டு, பின்னால் சின்னத் தோட்டம். இவற்றில் பல ‘டூ ஃபேமிலி’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. ஒரு பகுதியில் நாம் குடியிருந்து, மற்றதை வாடகைக்கு விட்டால் கடன் தவணையில் ஒரு பங்கு அதிலிருந்தே வந்துவிடும். மாடியில் குடித்தனம் வைத்து வீட்டுக்கடன் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இந்த வீட்டுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இரண்டாவது குடித்தனத்துக்கான விலை. அந்தக் குடித்தனம் சட்டப்படி செல்லுமா, அதில் யார் இருக்கிறார்கள், அது எவ்வளவு தரும், எவ்வளவு கேட்கும் என்ற வரிசையில் பார்த்துக்கொண்டே போனால் ஏமாற வழியில்லை.

1. முதலில் நகரத்தின் ஆவணம்

நகரக் கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்து ‘சர்டிஃபிகேட் ஆஃப் ஆக்யுபன்சி’யைத் தேடுங்கள். எந்தத் தளத்தில் எத்தனை குடும்பம் வசிக்கலாம் என்பது அதில் இருக்கும். 1938-க்கு முன் கட்டப்பட்டு, பயன்பாடு மாறாத வீடுகளுக்கு இந்தச் சான்றிதழ் இல்லாமல் இருக்கலாம். அப்போது ‘லெட்டர் ஆஃப் நோ அப்ஜெக்ஷன்’ என்ற கடிதத்தை விற்பவரிடம் கேளுங்கள்.

ஆவணத்தில் இரண்டு குடும்பம், வீட்டில் மூன்று சமையலறை என்றால் மூன்றாவது வாடகையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அந்த முரண்பாட்டைப் பார்த்து வங்கி கடனை நிறுத்தவும் கூடும். ஒரு காலத்தில் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகளும் இந்தப் பேட்டைகளில் உண்டு. ஆவணத்தில் இன்னும் அப்படியே இருந்தால், குடித்தனக்காரர்களைத் துன்புறுத்தி வெளியேற்றவில்லை என்ற சான்றிதழ் பெறாமல் அதை இரு குடித்தன வீடாக மாற்ற முடியாது.

கீழ்த்தளத்தையும் கவனியுங்கள். தளத்தின் உயரத்தில் பாதியாவது தெரு மட்டத்துக்கு மேலே இருந்தால் அது ‘பேஸ்மென்ட்’; பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருந்தால் ‘செல்லார்’. இரு குடித்தன வீட்டில் செல்லாரைப் பொதுவாக வாடகைக்கு விட முடியாது. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையின்போது இந்நகரில் தரைக்கீழ்க் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தார்கள். ‘கீழே ஓர் அறை கூடுதல் வருமானம்’ என்று தரகர் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

2. குடித்தனக்காரர் இருக்கிறாரா?

வீடு காலியாகக் கைக்கு வருமா, ஆளோடு வருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஆள் இருந்தால் வாடகை ஒப்பந்தம், முடியும் தேதி, வைப்புத்தொகை, பாக்கி எல்லாவற்றையும் பாருங்கள். வாடகை உச்சவரம்பு பெரும்பாலும் 1974-க்கு முன் கட்டிய, ஆறோ அதற்கு மேலோ குடியிருப்பு கொண்ட கட்டடங்களுக்கே பொருந்தும். ஆகவே இரு குடித்தன வீட்டில் அந்தச் சிக்கல் அரிது. ஆனால் காலி செய்ய மறுப்பவரை நீதிமன்றம் போகாமல் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவது குற்றம். நீங்கள் குடியேறப் போகிற பகுதியில் ஆள் இருந்தால், அவர் காலி செய்த பிறகே கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

3. பணக் கணக்கு

உதாரணத்துக்கு 15 லட்சம் டாலர் விலை, 20% முன்பணம் என்று வைப்போம். கையிலிருந்து 3 லட்சம், கடன் 12 லட்சம். இதற்கு மேல் இரண்டு வரிகள் காத்திருக்கின்றன.

• ‘மேன்ஷன் டாக்ஸ்’: விலை 10 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1% கட்ட வேண்டும். இங்கே 15,000 டாலர். 20 லட்சத்திலிருந்து விகிதம் படிப்படியாக ஏறும். 9,99,000 என்ற விலையை அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.
• கடன் பதிவு வரி: 5 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கு வாங்குபவர் பங்கு 1.925%. இங்கே சுமார் 23,100 டாலர்.

ஆக, வழக்கறிஞர் கட்டணமும் காப்பீடும் சேராமலே 38,100 டாலர் கூடுதல். விற்பவரின் பழைய கடனை உங்கள் வங்கிக்கு மாற்றி இந்தப் பதிவு வரியைக் குறைக்கும் ‘சீமா’ என்ற வழியும் உண்டு. இரு வங்கிகளும் ஒத்துக்கொண்டால் கேட்டுப் பாருங்கள்.

நீங்களே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால், கடன் உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ கடனில் 3.5%, ஃபேனி மே நிறுவன விதிப்படியான கடனில் 5% முன்பணத்திலும் வாங்கலாம். எதிர்பார்க்கும் வாடகையில் வழக்கமாக 75% மட்டுமே வங்கிகள் வருமானமாக ஏற்கும்: 3,500 டாலர் வாடகை என்றால் 2,625. உங்கள் கணக்கிலும் அதையே போடுங்கள். மீதி, வீடு காலியாக இருக்கும் மாதங்களுக்கும் பழுதுக்கும் போகும்.

சொத்து வரியில் ஓர் ஆறுதல். மூன்று குடும்பம் வரையிலான வீடுகளின் வரி மதிப்பீடு ஆண்டுக்கு 6 விழுக்காட்டுக்கும் ஐந்தாண்டில் 20 விழுக்காட்டுக்கும் மேல் ஏற முடியாது. வீடு கைமாறினாலும் இந்த வரம்பு போகாது. பெரிய அளவில் புதுக்கட்டுமானம் செய்தால் அது வரம்புக்கு வெளியே சேரும்.

4. கட்டடத்தைப் பார்ப்பது

நியூயார்க்கில் கட்டடப் பரிசோதனையை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே முடிப்பது வழக்கம். ‘பிரவுன்ஸ்டோன்’ என்பது பெரும்பாலும் செங்கல் சுவரின் முகத்தில் பதித்த மணற்கல் பலகை. அது ஏடு ஏடாக உரியும். சரிசெய்ய நிறையச் செலவாகும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரில் தாங்கி நிற்கும் மர உத்தரங்கள், தட்டைக் கூரையின் ஒழுக்கு, கறையான், பழைய எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றைப் பரிசோதகர் பார்க்கட்டும். தெருவடிப் பிரதானக் குழாய் வரை தண்ணீர், கழிவுநீர் இணைப்பு வீட்டுக்காரர் பொறுப்பு என்பதால், கழிவுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது நல்ல முதலீடு.

இரண்டு குடித்தனத்துக்கும் தனித்தனி மின்மானியும் எரிவாயுமானியும் இருக்கின்றனவா? கொதிகலன் ஒன்றா இரண்டா? ஒன்றே என்றால் குடித்தனக்காரரின் குளிர்கால வெப்பச் செலவு உங்கள் பில்லில் வரும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே 68 இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பாரம்பரிய வட்டாரமா என்பதையும் பாருங்கள். 1965-இல் புரூக்ளின் ஹைட்ஸில் தொடங்கி, இங்கே பல தெருக்கள் பாதுகாக்கப்பட்டவை. அங்கே முகப்பு ஜன்னலை மாற்றவும் பாரம்பரியப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

5. ஒப்பந்தமும் வில்லங்கமும்

விலை பேசி முடித்தாலும் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை எதுவும் உறுதியில்லை. நடுவில் வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் வீடு கைநழுவும். எனவே வழக்கறிஞரை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தின்போது வழக்கமாக விலையில் 10% விற்பவர் வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கில் இருக்கும். கடன் கிடைக்காவிட்டால் அது திரும்பும் என்ற நிபந்தனை அவசியம்.

நகரத்தின் ‘ஏக்ரிஸ்’ தளத்தில் 1966 முதலான பத்திரங்களை யாரும் பார்க்கலாம். மத்திய புரூக்ளினில் முதியவர்களை ஏமாற்றிப் பத்திரம் மாற்றும் மோசடி பெருகியதால், 2024-இல் நியூயார்க் மாநிலம் பத்திரத் திருட்டைத் தனிக் குற்றமாக்கியது. ஆகவே அண்மையில் அடமானமில்லாமல், குறைந்த விலைக்குக் கைமாறிய வீடு என்றால் தூண்டித் துருவுங்கள். உரிமைக் காப்பீட்டு நிறுவனத்தின் வில்லங்க அறிக்கையில் வரி பாக்கி, தண்ணீர்க் கட்டணப் பாக்கி, கட்டட விதிமீறல் மூன்றும் தீர்ந்திருக்க வேண்டும். விற்பவர் தரும் வீட்டுநிலை அறிக்கையையும் படியுங்கள். 500 டாலர் கொடுத்து அதிலிருந்து தப்பும் வழி 2024 மார்ச்சில் அடைபட்டது.

6. வீட்டுக்காரராக நடப்பது

வைப்புத்தொகை ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. வாடகையை 5 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்த்தினால், குடியிருந்த காலத்தைப் பொறுத்து 30, 60 அல்லது 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். 2025 ஜூன் முதல், தரகரை நீங்கள் அமர்த்தினால் கட்டணமும் உங்களுடையது. இரண்டாவது குடித்தனத்தை முழுதாகச் சில நாள் தங்கும் பயணிகளுக்கு விடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 30 நாளுக்குக் குறைந்த வாடகைக்குப் பதிவும், அதே குடியிருப்பில் உங்கள் இருப்பும் கட்டாயம்.

7. எப்போது விலகுவது?

ஆவணத்தில் இரண்டாவது குடித்தனம் இல்லை. காலி செய்து தருவதை விற்பவர் எழுத்தில் ஏற்கவில்லை. 75% வாடகையை வைத்தும் மாதத் தவணை உங்கள் சம்பளத்துக்கு இடிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு வீடு பாருங்கள். பரிசோதகர் கட்டணம் வீணாகிறதே என்று தயங்க வேண்டாம். 10% முன்பணம் மாட்டிக்கொள்வதை விட அது சிறிய நஷ்டம்.