உடல் மெலிதலும் உறக்கமும்

நடுவயதை எட்டிய பழைய மாணவர் பலர் உடலின் மிகை எடையைக் குறைக்க முயல்கின்றனர். ஊணைச் சுருக்குவோர் அதனால் உறக்கம் மாறுபடுவதையும் அறிதல் வேண்டும்.

அம்மாற்றம் இருவகைப்படும். முதலாவது நன்மை பயப்பது. கழுத்தைச் சூழ்ந்த கொழுப்புக் கரையுங்கால் மூச்சுவழி அகலும். குறட்டையும் துயிலிடை மூச்சுத் தடையும் தணியும். மற்றையது இடர் தருவது. உணவை மிகக் குறைப்பின், பசியை அடக்கும் லெப்டின் என்னும் ஓமோன் தாழும்; பசியைத் தூண்டும் கிரெலின் உயரும். பசித்த வயிறு நள்ளிரவில் விழிப்பூட்டும்.

உறக்கம் குறையின் மெலிதலின் பயனும் குன்றும். சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், பருமன் மிக்க 10 பேர் குறைத்த உணவுண்டு, 14 நாள் இரவுதோறும் 8½ மணி நேரமும், பிறிதொரு 14 நாள் 5½ மணி நேரமும் படுக்கையிற் கழித்தனர். இருமுறையும் ஏறத்தாழ 3 கிலோகிராம் குறைந்தது. ஆயின் முன்னதில் 1.4 கிலோகிராம் கொழுப்பு நீங்க, பின்னதில் 0.6 கிலோகிராமே நீங்கிற்று. எஞ்சியது தசை முதலியவற்றின் இழப்பாம்.

வத்தேகமையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் விடியுமுன் எழுவோர்க்கு இஃது இன்றியமையாத பாடம். அவர்கள் முன்னிரவிலேயே துயில்க. தேநீரின் கஃபீன் பல மணி நேரம் குருதியில் தங்குமாதலின், மாலைக்குப்பின் அதனைத் தவிர்க்க. இராவுணவை அறவே விடாது, சிறிதளவு நேரத்தோடு கொள்க. துயிலிடை மூச்சுத் தடையுடையோர் வைத்தியரை நாடுக. தராசு முள் மட்டும் சான்றன்று; காலையிற் களைப்பின்றி எழுதலும் சான்றேயாம்.