மாங்காய் விழ வைப்பது எப்படி?



கணினி அறையில் பென்சில்2டி என்ற இலவச மென்பொருளில் நானும் என் தோழியும் படம் செய்தோம். கதை இதுதான்: ஒரு பொண்ணு ஓடி வருவாள், மரத்திலிருந்து மாங்காய் விழும். இரண்டே வினாடி. அதற்குள் நான் கற்றதையும் கெடுத்ததையும் எழுதுகிறேன்.

டைம்லைன் என்றால் என்ன?

திரையின் அடியில் ஸ்கேல் மாதிரி எண் போட்ட பட்டை இருக்கும். அதுதான் டைம்லைன். ஒவ்வொரு எண்ணும் ஒரு பிரேம். இந்த மென்பொருளில் நாம் மாற்றாவிட்டால் வினாடிக்கு 12 பிரேம் ஓடும். நாம் படம் வரைந்த பிரேமுக்குப் பெயர் கீ பிரேம். அடுத்த கீ பிரேம் வரும் வரை அதே படம் அப்படியே நிற்கும். மாங்காய் ஒரு வினாடி சும்மா தொங்க 12 படம் வரைய வேண்டாம். 1-இல் ஒன்று வரைந்து, அடுத்ததை 13-இல் வைத்தால் போதும்.

முக்கியமான பொத்தான்கள்

1. கூட்டல் குறி: புதுக் கீ பிரேம் சேர்க்கும்.
2. கழித்தல் குறி: கீ பிரேமை நீக்கும். (ஜாக்கிரதை!)
3. கீ பிரேமைக் கிளிக் செய்து இழுத்தால் வேறு எண்ணுக்கு நகரும்.
4. வெங்காயத் தோல்: முந்தின படம் சிவப்பாகவும் அடுத்த படம் நீலமாகவும் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து நடுப்படம் வரையலாம்.
5. ரேஞ்ச், லூப்: 12 முதல் 24 வரை என்று குறித்தால் அந்த இடம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். தப்பைக் கண்டுபிடிக்க இதுதான் ரொம்ப உதவி.

நான் செய்த தவறுகள்

முதலில் மாங்காயை 12 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் என்று சமமாக இறக்கி வரைந்தோம். ஓட்டிப் பார்த்தால் யாரோ கயிறு கட்டி இறக்குற மாதிரி இருந்தது! நான் வேகத்தை வினாடிக்கு 24 ஆக்கினேன். மாங்காய் மட்டுமா, ஓடி வந்த பொண்ணும் பறந்து போனாள். அந்த எண் முழுப் படத்துக்கும் பொது.

அப்புறம் மாங்காய்ப் படங்களை நீக்க நினைத்துக் கழித்தல் குறியை அழுத்தினேன். ஆனால் தேர்வாகி இருந்தது பொண்ணு இருந்த லேயர். பார்க்காமல் சேமித்து மூடியும் விட்டேன். தோழி கஷ்டப்பட்டு வரைந்த 9 படம் போச்சு. இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. மதிய உணவுக்கும் தனியாகப் போய் உட்கார்ந்தாள்.

அறிவியல் சார் சொன்னது

சாரிடம் போனேன். "இயக்கம் பாடத்துல படிச்சியே, விழுற பொருள் ஒரே வேகத்துலயா விழும்?" என்று கேட்டார். விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகக் கூடும். இதைச் சொன்னவர் கலிலியோ. முதல் வினாடியில் விழும் தூரம் 4.9 மீட்டர். எங்கள் மாங்காயும் கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரக் கிளையில்தான் தொங்கியது. ஆகவே 12 இடைவெளி சரி. 1 முதல் 23 வரை ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் 144. திரையில் ஸ்கேல் வைத்து முதல் இடைவெளி 1 மில்லிமீட்டர், அடுத்தது 3, கடைசியில் 23 என்று வரைந்தேன். மொத்தம் 14.4 சென்டிமீட்டர். ஓட்டினேன். மாங்காய் தொப்பென்று விழுந்தது!

அழிந்துபோன 9 படத்தையும் நானே வரைந்தேன். அவள் கோடு மாதிரி வரவில்லை, பொண்ணு கொஞ்சம் நொண்டினாள். தோழி பார்த்தாள். "என்னடி, கால்ல முள்ளு குத்திடுச்சா?" என்று சிரித்தாள். இப்போது மறுபடி சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்.

நினைவில் வையுங்கள்

நீக்குவதற்கு முன் எந்த லேயர் என்று பாருங்கள். ஒவ்வொரு நாளும் வேறு பெயரில் சேமியுங்கள். அடுத்தவர் உழைப்பு அதில் இருக்கிறது.

யோசியுங்கள்: பந்தை மேலே எறிந்தால் இடைவெளிகளை எப்படி வைக்க வேண்டும்? விடை தெரிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி